நெய்வேலி வட்டாரம்: தற்சார்பும் பேரிடர் ஆயத்தமும்

நெய்வேலி, கடலூர் மாவட்டத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றி எழுந்த நகரியம். வெளியுதவி வராத நாள்களில் ஒரு வட்டாரம் தாக்குப்பிடிக்குமா என்பதை நீர், மின்சாரம், உணவு, மருத்துவம், பேரிடர் வரலாறு ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடலாம். அப்படிப் பார்த்தால் நகரியத்துக்கு ஒரு விடையும் சுற்றுக் கிராமங்களுக்கு வேறொரு விடையும் கிடைக்கின்றன.

நீரே இவ்வட்டாரத்தின் பெருஞ்செல்வம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோதுதான் நிலக்கரி வெளிப்பட்டது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தம் மிகுந்த நீர்த்தாங்கி உள்ளது. இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு நீர் மேலேறும். இறைத்த நீர் அனல்மின் நிலையத்துக்கும் குடியிருப்புகளுக்கும் பாசனத்துக்கும் போகிறது. ஆனால் சுற்றுக் கிராமங்களில் போர்வெல்லை மேலும் மேலும் ஆழமாக்க வேண்டியிருக்கிறது என்பது உழவர்களின் நெடுநாள் முறையீடு. அதோடு, ஆழத்து நீரை மேலே கொண்டுவர மின்சாரம் வேண்டும்.

மின்சாரத்துக்கு இங்கே என்ன குறை என்று தோன்றலாம். 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலிச் சுரங்க நிறுவனம் 1962 முதல் மின்னுற்பத்தி செய்துவருகிறது. ஆனால் அந்த மின்சாரம் தென்மாநிலங்களுக்கான தொகுப்பில் சேர்கிறது. ஊருக்குள் வருவது கம்பி வழியாகத்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. அனல்மின் நிலையம் அருகிலிருந்தும் கடலூர் மாவட்டக் கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்தன.

உணவு கிராமங்களின் கையில் இருக்கிறது. செம்மண் மேட்டில் முந்திரி, பலா, மல்லாட்டை (நிலக்கடலை); குறிஞ்சிப்பாடி, சேத்தியாத்தோப்புப் பக்கம் நெல். முந்திரி காசு தரும், உலை கொதிக்க உதவாது. தானே புயலில் முந்திரித் தோப்புகளும் பண்ருட்டிப் பலாக்களும் வேரோடு சாய்ந்தன. அவற்றுக்குப் பதிலாக நடும் மரங்கள் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். நெல்வயல்களைச் சுரங்க விரிவாக்கம் நெருக்குகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக வயலில் நின்ற பயிர் அழிக்கப்பட்டது பெரும் சர்ச்சையானது. பக்கத்து வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய சத்திய தருமசாலை இன்றும் பசித்தவர்களுக்குச் சோறிடுகிறது. ஆயத்தத்தை எடைபோடுகிறவர்கள் இத்தகைய பொதுச் சமையற்கூடத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

புயலைப் போலவே வெள்ளமும் இங்கே பழக்கப்பட்டது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மழைநீரோடு சுரங்க நீரும் பரவனாற்றில் சேர்வதால் மேட்டிலுள்ள நகரியத்தைவிடத் தாழ்வான ஊர்களுக்கே ஆபத்து அதிகம்.

மருத்துவத்தில் நகரியம் முந்துகிறது. நிறுவனத்துக்கே சொந்த மருத்துவமனை உண்டு. ஆயினும் 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து நேர்ந்தபோது, கடும் தீக்காயமுற்றவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.