பிரெக்டை மீறி அழுத கூட்டம்

மலர்க்குழுத் தம்பிகள் நாடகம் பற்றி ஏதாவது எழுதச் சொன்னார்கள். நாங்கள் படித்த காலத்தில் கல்லூரி விழா மேடைக்கு ஒரே அளவுகோல்தான்: கூட்டத்தை அழ வைத்த நாடகத்துக்குக் கோப்பை! அந்த அளவுகோலையே எதிர்த்து நின்ற ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்ட்டோல்ட் பிரெக்ட் (1898–1956) பற்றிச் சொல்கிறேன்.

பார்வையாளன் கதையோடு கரைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் வெளியே உள்ள அநியாயம் அப்படியேதான் இருக்கும் என்பது அவர் கவலை. ஆகவே நடிகன் பாத்திரமாகவே மாறிவிடக் கூடாது. தெருவில் விபத்தைப் பார்த்தவர் ‘வண்டி இப்படி வந்தது, ஆள் இப்படி விழுந்தார்’ என்று செய்து காட்டுவாரே, அப்படிக் காட்டவேண்டும் என்றார். 1935-இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் நடிப்பைப் பார்த்தது இந்த எண்ணத்துக்கு உரமாயிற்று. (நம்ம தெருக்கூத்துக் கட்டியங்காரன் கதைக்கு உள்ளேயும் வெளியேயும் போய் வருவதைப் பார்த்தவர்களுக்கு இதில் பெரிய அதிசயம் தெரியாது.)

சரி, கூட்டம் கேட்டதா?

அவர் 1939-இல் எழுதிய ‘மதர் கரேஜ்’ 1941-இல் சூரிச் நகரில் அரங்கேறியது. ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரில் வண்டி இழுத்து, படைவீரர்களிடம் சாமான் விற்றுப் பிழைக்கிறாள் ஒருத்தி. அவளுக்குச் சோறு போட்ட போரே அவள் பிள்ளைகள் மூவரையும் விழுங்குகிறது. போரில் லாபம் தேடியவள் கதியைப் பார்த்து ஜனங்கள் யோசிக்கவேண்டும் என்பது பிரெக்டின் நோக்கம். பத்திரிகைகளோ தாய்மையின் சோகம் என்று உருகின. விட்டாரா மனுஷர்? அவளை இன்னும் கடுமையாக்கித் திருத்தினார். முதல் வடிவத்தில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட அவளே சட்டைகளைத் தருவாள். திருத்தியதில் அவளிடமிருந்து பிடுங்க வேண்டியிருக்கிறது.

1949 ஜனவரியில் பெர்லினில் அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் பிரெக்டின் மனைவி ஹெலனெ வைகல். மகனை மீட்க லஞ்சம் கொடுக்கவேண்டும். அதிலும் பேரம் பேசுகிறாள் தாய். பேரம் நீள்கிறது, துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. வைகல் வாயைப் பிளந்து, சத்தமே இல்லாமல் அலறினார். கடைசியில் மகளைப் புதைக்கக் காசு எண்ணிக் கொடுக்கும்போது, ஒரு நாணயத்தை மட்டும் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். கண்ணீரைத் தடுக்க ஒரு நடிகை இதற்குமேல் என்ன செய்வார்? அப்படியும், போர் முடிந்து நான்கே ஆண்டுகளான அந்த ஊர்க் கூட்டம் அழுதது.

பிரெக்ட் தோற்றார் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஒற்றை நாணயத்தைப் பார்த்தபிறகு வரும் அழுகை வேறு ஜாதி. இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது அந்தப் பேரக் காட்சியை நம் மேடையில் போட்டால் சொல்லியனுப்புங்கள், வந்து பார்க்கிறேன்.