வாகூர்ச் செப்பேடும் கங்கபல்லவர் கருதுகோளும்

கருதுகோள் எவ்வாறு பிறக்கின்றது, பிறந்தது சான்றால் சோதித்தற்குரியதாதல் வேண்டுமா என்னும் வினாக்களை ஆராயப் புதுவை நாட்டு வாகூர் நமக்கு நல்லதோர் எடுத்துக்காட்டைத் தருகின்றது.

இன்று கொம்யூன் தலையூராக விளங்கும் வாகூரில், கி.பி. 9ஆம் நூற்றாண்டில் வித்தியாஸ்தானம் என்னும் கல்வி நிலையம் இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் அதற்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பெற்றதை, வடமொழியும் தமிழும் கொண்ட வாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. கல்வி வரலாறு எழுதுவார்க்கு அஃது ஒரு விருந்து. ஈண்டு நாம் கருதுவது அதன் மரபுவழிப் பகுதியையே. அங்கே விமலன், கொங்கணிகன் முதலாயினோர்க்குப் பின்னர்த் தந்திவர்மனும், அவன் மகன் நந்திவர்மனும், அவன் மகன் நிருபதுங்கனும் சொல்லப்படுகின்றனர்.

கொங்கணி என்பது மேலைக் கங்கர் பூண்ட பெயர். இம்மன்னர்தம் கல்வெட்டுகளிலோ ‘கோவிசைய’ என்னும் அடை பெயருக்கு முன்னும், ‘விக்கிரமவர்மன்’ என்பது பின்னும் வருகின்றன. இவற்றை இணைத்து நோக்கிய ஹுல்ட்ஷ் முதலிய அறிஞர், இவர்கள் காஞ்சிப் பல்லவரின் வேறாய கிளையினர் எனக் கொண்டு, ‘கங்கபல்லவர்’ என்றொரு மரபினை வகுத்தனர். அது வெறுங் கற்பனையன்று. சிதறிக் கிடந்த குறிகளை ஒரே காரணத்தால் விளக்க முயன்ற துணிபு அது. பின்னாளில் பிழையெனப்பட்டது பற்றி நம் மாணவர் அதனை எள்ளுதல் முறையன்று.

அக்கருதுகோள் தான் வீழும் வழியையும் தானே காட்டி நின்றது. தந்திவர்மன் பல்லவமல்லனின் மகனே என ஓர் ஆவணம் சொல்லுமாயின், கங்கபல்லவர் என்று தனி மரபு இல்லையாம். 1911இல் வெளிப்பட்ட வேலூர்ப்பாளையம் செப்பேடு அவ்வாறே சொல்லிற்று. பல்லவமல்லனாகிய இரண்டாம் நந்திவர்மனுக்கும் இரேவாவுக்கும் பிறந்தவன் தந்திவர்மன். அவனுக்கும் கதம்பர்குலத்து அக்களநிம்மடிக்கும் பிறந்தவன் மூன்றாம் நந்திவர்மன். புதுவையில் ஆசிரியராயிருந்த ழுவோ துப்ரேய், 1917இல் வெளிவந்த தம் பல்லவர் வரலாற்று நூலில், இரு மரபும் ஒன்றே என வாதிட்டார். அறிஞருலகம் அதனையே ஏற்றது.

பொய்ப்பிக்க இயலுமாறு இருத்தலே அறிவியற் கொள்கையின் இலக்கணம் எனக் கார்ல் பாப்பர் 1934இல் எழுதினார். இயற்பியலார் சோதனையைத் தாமே அமைத்துக்கொள்வர். வரலாற்றாய்வாளரோ மண்ணும் செம்பும் வாய்திறக்கும்வரை காத்திருப்பர். ஆதலின் இன்று சோதிக்க இயலாமை குற்றமாகாது. சான்று யாவும் அழிந்தொழிந்தது என்பதனையே சான்றாகக் காட்டும் கட்டுரைகளோ வேறு வகையின. அவற்றை எந்தச் செப்பேடும் வீழ்த்தமாட்டாது; எச்செப்பேடும் வலியுறுத்தவும் மாட்டாது. நம் ஆய்வேடுகளிலும் இவை அருகியனவல்ல.

கொங்கணிகன் என்னும் பெயர் இன்னும் விளக்கம் வேண்டி நிற்கின்றது. மணவுறவால் அப்பெயர் வந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு. தந்திவர்மனுக்கு முற்பட்ட பல்லவனொருவன் கங்கர்குல மகளை மணந்தமை கூறும் பட்டயம் கிடைப்பின் அக்கருத்து வலிபெறும். அப்பெயருக்கு வேறு காரணம் கூறும் பட்டயம் கிடைப்பின் அதனை நாம் கைவிடல் வேண்டும்.