தொடுதோலும் செருப்பும்

ஆர்மேனியாவில் அரேனி என்னும் ஊரை ஒட்டிய குகையில் 2008இல் அகழ்ந்தெடுத்த காலணி ஏறத்தாழ 5,500 ஆண்டுப் பழைமையது. ஒரே மாட்டுத்தோலைக் காலைச் சுற்றி மடித்து, தோல்வாரால் இழுத்துக் கட்டி, உள்ளே புல் திணித்திருந்தார்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்டு ராக் குகையில் 1938இல் லூத்தர் கிரெசுமன் கண்டெடுத்தவை அதனினும் மூத்தவை. செடிப்பட்டையை முறுக்கிப் பின்னிய அவை 9,000 ஆண்டுகளைக் கடந்தவை. வறண்ட குகைகள் அவற்றைக் காத்தன. ஈரமும் வெப்பமும் மாறிவரும் நம் மண்ணில் தோலும் பட்டையும் எளிதில் மக்கிப்போகும். ஆயினும், அன்பர்களே, நாம் அகழ்ந்து பார்க்கச் சொற்கள் இருக்கின்றன.

தொடுதோல் என்னும் பழம்பெயரை எடுத்துக்கொள்வோம். பட்டினப்பாலை எயினர் காலிலும், பெரும்பாணாற்றுப்படை ஆயன் காலிலும் இதைக் காட்டுகிறது. ஆயனின் அடியிலோ அது அணிந்து அணிந்து வடுவே பதிந்துவிட்டது. தொடுதல் இங்கே அணிதல்; மோதிரம் தொடுவதும் அதுவே. அரேனிக் குகையில் கிடைத்த பொருளுக்கு, அது கிடைப்பதற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மவர் பொருத்தமான பெயரை வைத்திருந்தார்கள்: தொட்ட தோல், அவ்வளவே. அதே பெரும்பாணாற்றுப்படை வணிகச் சாத்தினரின் காலணியை அடிபுதை அரணம் என்கிறது. அடி புதைய நின்று காக்கும் அரண் என விரியும் அப்பெயரில், கோட்டைக்குரிய சொல் பாதத்துக்கும் காவலாகிறது.

இனிச் செருப்பு. செருப்புக்குள் புகுந்த சிறு பரல் உறுத்துவதுபோல் பகைவரை உறுத்தும் வீரனைப் புறநானூறு 257ஆம் பாடல் காட்டுகிறது. பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்திலோ செருப்பு ஒரு மலையின் பெயர். காலணியென மயங்காதிருக்க, மிதிக்கப்படாத செருப்பு என்று பொருள்படும் அடையைச் சேர்த்தார் பாலைக் கௌதமனார். காலணி என்னும் பொருள் அன்றே நாவில் ஊறிப்போயிருந்ததால்தான் அந்த நயம் செல்லுபடியானது.

காலைச் செருகுவதால் செருப்பு என்று விளக்கத் தோன்றும். ஓசை இனிதாகப் பொருந்தினாலும், உறவுமொழிகளைக் கேட்காமல் வேரை முடிவுசெய்யலாகாது. மலையாளத்தில் செரிப்பு, தெலுங்கில் செப்பு, கன்னடத்தில் கெர. செவிக்குக் கன்னடம் கிவி என்பதுபோல, இ, எ போன்ற முன்னுயிர்க்கு முன் நின்ற பழங்ககரம் தமிழில் சகரமாக, கன்னடம் அதனைக் காத்து நிற்கிறது. ஆகவே இச்சொல் அம்மொழிகள் பிரியுமுன்னரே இருந்தது. எழுத்துத் தோன்றாத அக்காலத்தில் நம் முன்னோர் காலணி அணிந்தார்கள் என்பதற்கு இதுவே சான்று.

பின்வந்த அடுக்குகளும் படிந்திருக்கின்றன. வடமொழிப் பாதுகை தெய்வத்தின் அடியையும் அரசர் அடியையும் சார்ந்தது. போர்த்துகேயரிடமிருந்து வந்த சப்பாத்து ஈழத்தமிழில் இன்றும் நடமாடுகிறது. மிதித்து நடந்த மிதியடி, நம் வீட்டு வாசலில் கால் துடைக்கும் விரிப்பாயிற்று. ஆயினும் இத்தனை வரவுகளுக்கிடையே செருப்பு இடம்பெயரவில்லை.

அடுத்தமுறை யாரேனும் அச்சொல்லை இழிவாக வீசினால், அதன் வயதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.