கண்ணாடியா, காகிதமா? 1857இல் ஒரு கேமராப் பை

பயணத்துக்கு எந்த லென்ஸ் எடுத்துட்டுப் போகலாம்? கேமரா வாங்கிய எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். 24-105 ஒன்று போதுமா, கோயில் கோபுரத்துக்கு வைடு லென்ஸ் தனியா வேணுமா, கூர்மை முக்கியமா எடை முக்கியமா என்று யூடியூபில் மணிக்கணக்கில் விவாதம் ஓடுகிறது. எனக்குத் தெரிந்து இந்தக் கேள்விக்கு மிக நல்ல பதில் சொன்னவர் ஒரு யூடியூபர் இல்லை. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி, 1858 கோடையில் சென்னை வந்து சேர்ந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப்.

1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரி. 1854இல் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் எடுத்தார். 1855இல் டல்ஹௌசி பர்மாவுக்கு அனுப்பிய தூதுக்குழுவோடு போனார். 1856இல் மதராஸ் அரசு அவரைத் தன் புகைப்படக்காரராகவே நியமித்தது. இனி விஷயத்துக்கு வருவோம்: அவர் பையில் என்ன இருந்தது?

அதைப் புரிந்துகொள்ள, அன்றைக்குக் கடையில் என்ன கிடைத்தது என்று பார்க்கணும். 1851 ஒரு முக்கியமான வருஷம். லண்டனில் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 'ஈரக் கொலோடியன்' முறையை வெளியிட்டார். பாரீஸில் குஸ்தாவ் லெ கிரே மெழுகுக் காகித முறையை வெளியிட்டார். முதலாவதில் நெகட்டிவ் கண்ணாடியில் பதியும். இரண்டாவதில் மெழுகு ஏற்றிய காகிதத்தில் பதியும்.

கண்ணாடிதான் அன்றைய புது மாடல். படம் கூர்மை, வேகமும் அதிகம். காகிதத்தில் நார் இருக்கும், நுணுக்கம் கொஞ்சம் மழுங்கும், நல்ல வெயிலிலும் நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்கணும். அட்டவணை போட்டு ஒப்பிட்டால் கண்ணாடிதான் ஜெயிக்கும். ஆனால் டிரைப் தன் பெரிய படங்களுக்குப் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தது காகிதத்தை.

ஏன்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். அன்றைக்கு நெகட்டிவ் என்ன அளவோ, அச்சும் அதே அளவுதான். பெரிதாக்கும் வசதி நடைமுறையில் இல்லை. பெரிய படம் வேணும்னா பெரிய கேமராதான் தூக்கணும். டிரைப்பின் நெகட்டிவ் சுமார் 12க்கு 15 அங்குலம். அந்த அளவில் 3 மில்லிமீட்டர் கண்ணாடித் தகடு ஒன்று ஏறக்குறைய 850 கிராம் வரும். 100 தகடு என்றால் 85 கிலோ. அதே அளவு மெழுகுக் காகிதம் ஒன்று 20 கிராம்கூட வராது. 100 தாளும் சேர்த்து 2 கிலோவுக்குள் அடங்கிவிடும். ரயில் அப்போதுதான் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போயிருந்தது. எங்க ஊர் கூடுவாஞ்சேரி வழியாகத் தெற்கே போகும் தண்டவாளம் அப்போது கிடையாது. மாட்டுவண்டி குலுங்குகிற பாதையில் கண்ணாடி உடையும், காகிதம் உடையாது.

எடையைவிடப் பெரிய பிரச்சினை நேரம். கொலோடியன் தகட்டை அந்த இடத்திலேயே பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியாகணும். மொத்தமே சுமார் 10, 15 நிமிடம்தான் கிடைக்கும். அதாவது, போகிற இடமெல்லாம் ஒரு இருட்டுக் கூடாரமும் கூடவே வரணும். அதோடு, கொலோடியன் கரைந்திருப்பது ஈதரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தில். ஈதர் கொதிப்பது சுமார் 35 டிகிரி செல்சியஸில். மார்ச் மாதத் தஞ்சாவூரில் அந்தச் சூட்டுக்கு அடுப்பே தேவையில்லை! மெழுகுக் காகிதத்தை முந்தின நாட்களிலேயே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், எடுத்த பிறகு தங்குமிடம் திரும்பி நிதானமாகக் கழுவலாம்.

கண்ணாடியோடு பயணம் போனால் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. சாமுவேல் போர்ன் 1863இல் சிம்லாவிலிருந்து இமயமலைக்குள் கொலோடியன் சாமான்களோடு போனார். அந்த முதல் பயணத்துக்கே சுமார் 30 சுமைதூக்கிகள் தேவைப்பட்டார்கள். 1866இல் போனபோது அது இன்னும் ஏறியது. படங்கள் அபாரம், சந்தேகமில்லை. ஆனால் அங்கே மலைக்குளிர், இங்கே சமவெளி வெயில். டிரைப் தன் ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்றதைத் தேர்ந்தார். அதே சமயம் அவர் கண்ணாடியை வெறுத்தவரும் இல்லை. ஸ்டீரியோ படங்களுக்குச் சின்னத் தகடுகள் போதும் என்பதால் அவற்றுக்குக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். எந்த வேலைக்கு எது என்ற தெளிவு இருந்தது, அவ்வளவுதான்.

சரி, காகிதத்தில் நுணுக்கம் கிடைத்ததா? தஞ்சைப் பெரிய கோயிலில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை டிரைப் துண்டு துண்டாக எடுத்தார். கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த 21 அச்சுகளை ஒட்டியபோது சுமார் 19 அடி நீளப் படம் கிடைத்தது. இன்றைக்கு போனில் விரலை அழுத்தி எடுக்கிறோமே, அந்தப் பனோரமாதான். ஹுல்ஷ் இந்தக் கோயிலின் கல்வெட்டுகளைப் படித்து 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியை 1891 முதல் வெளியிடத் தொடங்கினார். அதற்கு 30 வருஷத்துக்கு முன்பே எழுத்துகள் படமாகியிருந்தன. மதுரையில் அவர் எடுத்த திருமலை நாயக்கர் அரண்மனையும் அப்படித்தான். நேப்பியர் ஆளுநராக இருந்த 1866-72 காலத்தில் அது செப்பனிடப்பட்டது. அதற்கு முந்தைய சிதிலத்தை இன்று நாம் பார்க்க முடிகிறது என்றால் அந்த நெகட்டிவ்கள்தான் காரணம்.

ஆனால் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு விலை உண்டு. அந்தக் கால ரசாயனங்கள் நீல ஒளிக்கு அதிகமாக இணங்கும், அதனால் வானம் வெறும் வெள்ளையாக விழும். டிரைப் சில நெகட்டிவ்களில் தூரிகையால் மேகம் வரைந்தார். ஃபோட்டோஷாப் வேலை அப்போதே ஆரம்பம்! அதைவிடப் பெரிய விலை ஒன்று இருக்கிறது: மனிதர்கள். நிமிடக் கணக்கில் திறந்திருக்கும் லென்ஸுக்கு முன்னால் நடந்து போகிறவர் பதியவே மாட்டார். மதுரைக் கோயிலைச் சுற்றியும் புது மண்டபத்திலும் எத்தனை பேர் வந்துபோயிருப்பார்கள்? டிரைப்பின் படங்களில் பெரும்பாலும் தூண்கள் இருக்கின்றன, பூக்காரர் இல்லை. 1858இன் தமிழ்நாடு ஆளே இல்லாத கல் ஊராக நம் மனதில் பதிந்திருக்கிறது என்றால், அதில் பாதிப் பொறுப்பு அந்த மெழுகுக் காகிதத்துக்கு.

1859இல் மதராஸ் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவிலியன், இதெல்லாம் அரசுக்குத் தேவையில்லாத ஆடம்பரச் செலவு என்று கருதி டிரைப்பின் வேலையை நிறுத்தச் சொன்னார். 1860இல் அந்தக் கூடம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு டிரைப் பெரிதாகப் படம் எடுக்கவில்லை. 1902இல் இறந்தார்.

இதிலிருந்து நமக்கு என்ன? லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் 'எது சிறந்தது' என்று தேடாதீங்க. மூன்று விஷயம் கேளுங்க. நாள் முழுக்க இதைத் தூக்கிட்டு நடப்பேனா? போகிற இடத்தின் வெயிலிலும் விதிகளிலும் இது வேலை செய்யுமா? தொல்லியல் துறை பராமரிக்கும் பெரிய கோயில் மாதிரி இடங்களில் முக்காலி வைக்கவே அனுமதி வாங்கணும், ஞாபகம் இருக்கட்டும். மூன்றாவது, இதை எடுத்துட்டுப் போனால் எது என் படத்தில் வராமல் போகும்? முதல் இரண்டையும் டிரைப் நமக்காக யோசித்துக் காட்டியிருக்கிறார். மூன்றாவதில் அவருக்கு வழி இல்லை, நமக்கு இருக்கிறது. இன்று சாதாரண போனுக்கே ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். அடுத்த முறை தஞ்சாவூர் போனால் விமானத்தை எடுங்க, கூடவே அதன் கீழே வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் ஆட்களையும், அவங்க சம்மதத்தோடு, ஒரு படம் எடுங்க. 1858இன் படங்களில் விடுபட்டது அவங்கதான்.