வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மனை வாங்கப் போனால் தரகர் முதலில் நீட்டுவது முப்பது வருட வில்லங்கச் சான்று. "கிளியர் டைட்டில் சார், லோன் கிடைக்கும்" என்பார். நாம் பேசப்போகும் வில்லங்கம் அந்த முப்பது வருடத்துக்குள் இல்லை. அதன் வயது நூற்று முப்பதுக்கும் மேல்.

இந்த ஊர்களெல்லாம் அன்று செங்கல்பட்டு ஜில்லா. மிராசு முறை கெட்டியாக வேரூன்றிய மண். ஊரின் தரிசு மீதும் மிராசுதாருக்கே முதல் உரிமை. உழுதவருக்கு வயல் இல்லை என்பதோடு முடியவில்லை; சேரிக் குடிசை நின்ற மனையும் பல இடங்களில் மிராசுதாருடையது. வேறு ஆளிடம் வேலைக்குப் போனால், கூலி பற்றிக் கேட்டால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். சாதி ஆதிக்கத்தின் கைப்பிடி வயலைவிட வீட்டுமனையில்தான் இருந்தது என்பது நம் கருத்து.

1891இல் கலெக்டர் டிரமென்ஹீர் அரசுக்கு அனுப்பிய அறிக்கை இதைத்தான் எழுதியது. திருவள்ளூருக்குப் பக்கத்தில் இக்காட்டில் இருந்த மிஷனரி வில்லியம் கௌடியும், செங்கல்பட்டிலிருந்த ஆடம் ஆண்ட்ருவும் இதே கோரிக்கையை வலியுறுத்தினார்கள். இதை வெள்ளைக்காரன் போட்ட பிச்சை என்று சொல்கிறவர்கள், சேரி மக்கள் தரிசு கேட்டு மனுப் போட்டு மிராசுதார் ஆட்சேபத்தால் தோற்றுக்கொண்டே இருந்ததைச் சொல்வதில்லை. 1892இல் அரசாணை வந்தது. அப்படித் தரப்பட்ட நிலமே பஞ்சமி நிலம். வருவாய்த் துறை மொழியில் 'டி.சி.' நிலம். முதல் பத்தாண்டு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் நட்டஈடு இல்லாமல் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும்.

பிறகு நகரம் வந்தது. 1960களில் ஆவடியில் டாங்கி தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை. வயல்கள் மனையாயின. 1971இல் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. மனைப்பிரிவுக்கு முறையான திட்ட அனுமதி வேண்டும் என்றானது. ஆனால் ஊராட்சித் தலைவர் முத்திரையோடு 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' மனை விற்பது நிற்கவேயில்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து விழுக்காடு திறந்தவெளிக்கு விடவேண்டும். அந்த இடத்தையும் மனையாக்கி விற்றவர்கள் உண்டு.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு நடைமுறைக்கு வந்தது. 2017இல் வரன்முறை விதிகள். மனை போட்டவர் காசு பார்த்துவிட்டுப் போய்விட்டார். வரன்முறைக் கட்டணத்தைக் கட்டியது மனை வாங்கியவர். சீட்டுப் பணத்தில் 600 சதுர அடி வாங்கிய ஆலைத் தொழிலாளியும் துப்புரவுப் பணியாளரும் இதில் அடக்கம்.

இரண்டு நிபந்தனைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அனுமதியில்லாத மனை என்ற குறை பணம் கட்டினால் தீரும். அதற்குப் பதிவு அலுவலகத்தின் கதவே அடைபட்டது. 1892இன் நிபந்தனையைத் தீர்க்க எந்தக் கட்டணமும் கிடையாது. அதற்கு எதிரான பத்திரங்களோ தலைமுறை தலைமுறையாகப் பதிவாகி வந்திருக்கின்றன. 1980களின் யூடிஆர் காலத்தில், அனுபவத்தில் இருந்தவர் பேருக்குப் பட்டா ஏறியபோது பல இடங்களில் 'டி.சி.' என்ற குறிப்பே காணாமல் போனது. மீட்கப் போனவர்களுக்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு. 1994 அக்டோபர் 10, காரணை நிலத்துக்கான போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரைக் கொடுத்தார்கள். 2011இல் ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் குழு அமைத்தார்கள். ஆட்சி மாறியதும் அது முடங்கியது.

களத்தில் நாங்கள் சங்கடப்படும் இடம் ஒன்று உண்டு. விற்க வேண்டிய நெருக்கடியில் இருக்கும் தலித் குடும்பங்கள். மகள் திருமணம், மருத்துவச் செலவு. நிபந்தனை இருப்பதால் வங்கிக் கடன் கிடைப்பது கடினம். வெளிச்சாதித் தரகர் பவர் எழுதி வாங்கிக் கால்விலைக்கு முடித்துவிடுகிறார். "எங்க நிலத்த விக்க எங்களுக்கே உரிமை இல்லையா" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் நிபந்தனையை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பதும் ஒரே தலைமுறையில் போய்விடும் என்றே நாங்கள் நினைக்கிறோம். தாட்கோ வழியாக இந்த நிலத்தின் பேரில் கடன் கொடுக்கட்டும். விற்றே ஆகவேண்டியவரிடம் அரசே சந்தை விலைக்கு வாங்கி நிலமற்ற தலித்துக்குத் தரட்டும். கால்விலைத் தரகருக்கு அப்போது வேலை இருக்காது.

வாங்குகிறவர்களுக்கு: வில்லங்கச் சான்றோடு நிற்காதீர்கள். இன்றைய சர்வே எண் உட்பிரிவாகியிருந்தால் பழைய எண்ணைப் பிடியுங்கள். தாலுகா அலுவலகத்தில் யூடிஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகல் கேளுங்கள். தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய செட்டில்மென்ட் பதிவேடுகள் இருக்கின்றன. குறிப்புக் கலத்தில் அந்த இரண்டு எழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.