போலீஸ்காரர் கொன்றால் யாரிடம் கேட்பது?

நடுவர் அவர்களே! எதிரணித் தலைவர் நயமாகப் பேசிவிட்டுப் போனார். "நல்லவங்க ஆட்சிக்கு வந்தால் போதுமே, அவங்க கையைச் சட்டம் போட்டுக் கட்டணுமா?" என்று கேட்டார். ஐயா, கூடப் பிறந்த தம்பி தங்கமானவன்தான். அதுக்காகப் பாகப்பிரிவினையைப் பத்திரத்தில் பதியாம விட்டுடறோமா? (சிரிப்பு)

நடந்த கதையைச் சொல்கிறேன். 1975 ஜூன் 25 ராத்திரி நெருக்கடி நிலை வந்தது. ஆயிரக்கணக்கானவர்களை மிசாவில் பிடித்து உள்ளே போட்டார்கள். எதுக்குன்னு காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் வகுத்த முறைப்படி அல்லாமல் ஒருத்தர் உயிரையோ உடல் சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு. அதைக் காட்டி யாரும் கோர்ட் படி ஏறக் கூடாது என்று இரண்டே நாளில் குடியரசுத் தலைவர் உத்தரவு வந்தது. அப்படியும் ஒன்பது ஐகோர்ட்டுகள், 'கைதானவர்கள் மனுவை விசாரிப்போம்' என்றன. அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

அங்கே நீதிபதி எச்.ஆர்.கன்னா, அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் ஒரு கேள்வி கேட்டார். சொந்தப் பகையிலே ஒரு போலீஸ்காரர் ஒருத்தரைக் கொன்னுட்டா, அதுக்குக் கோர்ட்டில் பரிகாரம் உண்டா? என் வாதப்படி, நெருக்கடி நிலை இருக்கிற வரைக்கும் இல்லை என்றார் அவர்.

அவரைக் கொடுமைக்காரர்னு நான் சொல்லலை. அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டால் வாதம் அங்கேதான் போய் நிற்கும். அதை மறைக்காமல் சொன்னார், அவ்வளவுதான்.

1976 ஏப்ரல் 28ஆம் தேதி தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளில் நாலு பேர் அரசு பக்கம். கன்னா ஒருத்தர்தான் மாறி எழுதினார். 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவருக்கு வர வேண்டிய முறை. அவருக்கு அடுத்தவரான எம்.எச்.பேக்குக்குக் கொடுத்தாங்க. கன்னா ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டார். (கைதட்டல்)

"பத்திரம் இருந்தும் பாகம் போச்சே" என்று எதிரணி அம்மா முணுமுணுக்கிறாங்க. நியாயமான கேள்விதாம்மா. பத்திரத்திலேயே ஓட்டை இருந்தது. 1978இல் கொண்டுவந்த 44ஆவது திருத்தம் அதை அடைத்தது. நெருக்கடி நிலையிலும் 20, 21 பிரிவுகளை முடக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பு? 2017இல் ஒன்பது நீதிபதிகள் கூடி அதைத் தள்ளினார்கள். தவறு என்று விரிவாக எழுதியவர் டி.ஒய்.சந்திரசூட். 1976இல் அரசு பக்கம் எழுதிய நால்வரில் ஒருவர் ஒய்.வி.சந்திரசூட், அவருடைய சொந்த அப்பா. அப்பா எழுதினதை மகன் அடிக்க 41 வருஷம் ஆச்சு, நடுவர் அவர்களே. மணி அடிச்சுட்டாங்க, உட்காருகிறேன்.