ஹங்வெல்லையில் தோற்ற அரசன்

1803ஆம் ஆண்டு யுத்தத்தைப் பற்றி வகுப்பில் கேட்டால் பிள்ளைகளிடமிருந்து உடனே பதில் வரும்: "கண்டியர் வென்ற யுத்தம், சேர்." அது பாதிக் கதைதான். அந்த ஒரே ஆண்டுக்குள் இரண்டு யுத்தங்கள் நடந்தன. ஜூன் மாதத்தில் கண்டி வென்றது. செப்டெம்பரில் கண்டி தோற்றது. முதலாவது யுத்தம் வாசலுக்கு வந்தது. இரண்டாவதை அரசன் தானே தேடிப் போனான். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு இராச்சியம் விழுந்த கதையை விளங்கிக்கொள்ள, யாரும் அதிகம் பேசாத அந்தச் செப்டெம்பர் தோல்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

முதல் யுத்தத்தை விரும்பித் தொடங்கியவர் ஆளுநர் பிரெட்றிக் நோர்த். அவர் 1798இல் கொழும்புக்கு வந்தார். அதே ஆண்டில்தான் கண்ணுசாமி என்ற நாயக்கர் வம்சத்து இளைஞன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற பெயரோடு கண்டிச் சிம்மாசனம் ஏறினான். ஏற்றிவைத்தவர் முதல் அதிகார் பிலிமத்தலாவை. மறுவருஷமே அந்த அதிகாரும் நோர்த்தும் இரகசியமாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள். யுத்தத்துக்கு ஒரு சாட்டு தேவைப்பட்டது. 1802இல் அது பாக்கு உருவில் கிடைத்தது. புத்தளத்துச் சோனக வணிகர் கண்டிப் பிரதேசத்தில் வாங்கிய பாக்கு பறிக்கப்பட்டது. நட்டஈடு கேட்டார்கள், இழுபட்டது. 1803 ஜனவரி கடைசியில் படை புறப்பட்டது. நம்மவர் வியாபாரம் இரண்டு அரசுகளின் சண்டைக்குச் சாட்டாகிப் போனது இப்படித்தான். பாக்குக்கு நட்டஈடு வாங்கப் பீரங்கியை இழுத்துக்கொண்டு மலை ஏற வேண்டியதில்லை.

ஜெனரல் மக்டொவலின் படை கொழும்பிலிருந்து வந்தது. கேணல் பார்பட்டின் படை திருகோணமலையிலிருந்து எங்கட மாத்தளைப் பக்கத்தால் வந்தது. பெப்ரவரியில் இரண்டும் சேர்ந்து கண்டியைப் பிடித்தன. பிடித்தது ஆளில்லாத நகரத்தை. ஆங்கிலேயர் முத்துசாமி என்பவரை அரசனாக்கிப் பார்த்தார்கள். சனங்கள் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காய்ச்சல் படையைத் தின்றது. ஜூன் 24இல் கண்டியர் தாக்கியபோது மேஜர் டேவி சரணடைந்தார். வட்டாபுளுவவில், பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்க முடியாமல் நின்ற அவரது படையினர் 26ஆம் திகதி கொல்லப்பட்டார்கள். முத்துசாமியும், ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளிகளும் தப்பவில்லை. மலாய்ப் படையின் கப்டன் நூருத்தீனிடம், தன் சேவைக்கு வரும்படி அரசன் கேட்டான். ஏற்கனவே கொடுத்த விசுவாச வாக்கை மீற முடியாது என்று அவர் மறுத்தார். அவரும் சகோதரரும் கொல்லப்பட்டு, அடக்கமும் மறுக்கப்பட்டது.

அந்த நாலைந்து மாதத்தில் குடிகள் அரசனோடு நின்றார்கள். வந்த பகையை விரட்டும் யுத்தத்தில் "இதை ஏன் தொடங்கினாய்?" என்று யாரும் அரசனைக் கேட்கப் போவதில்லை. மலையும் மழையும் காய்ச்சலும் அவன் பக்கம். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் வெற்றி தலைக்கேறிய அரசன், ஆங்கிலேயரைக் கடலில் தள்ளலாம் என்று கீழ்நாட்டுக்குப் படை இறக்கினான்.

கண்டிப் படையின் அமைப்பைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பது விளங்கும். சம்பளம் வாங்கும் நிரந்தரப் படை சிறியது. மற்றவர்கள் இராஜகாரியக் கடமைக்காக வரும் கமக்காரர். சுமார் 15 நாளுக்கான அரிசியைத் தாங்களே கட்டிக்கொண்டு வருவார்கள். முடிந்தால் வீடு திரும்புவார்கள். 1766இல் ஒல்லாந்தரோடு செய்த ஒப்பந்தத்தோடு கரையோரம் முழுவதும் கண்டியின் கையை விட்டுப் போயிருந்தது. உப்பும் கருவாடும் துணியும் தவள மாடுகளின் முதுகில்தான் மலைக்கு ஏறின. 'மடிகே' என்ற அந்தப் போக்குவரத்துச் சேவையில் நம் முன்னோரும் இருந்தார்கள் என்பதை இன்றும் சில ஊர்ப்பெயர்கள் சொல்லும். பாதை மூடினால் மலையில் உப்பு இல்லை. அப்படிப்பட்ட இராச்சியம் தன் மலைக்குள் இருந்து மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கோட்டை முற்றுகைக்கு அது தோதானதல்ல.

களனி கங்கைக் கரையில் ஹங்வெல்லையில் ஒரு சின்னக் கோட்டை இருந்தது. அரசன் தானே படைக்குத் தலைமை தாங்கி வந்தான். செப்டெம்பர் தொடக்கத்தில் கப்டன் பொலக்கின் சிறு படை கண்டியரைச் சிதறடித்தது. அரசன் களத்தை விட்டு ஓடினான். ஓடும் வழியில் தன்னை வந்து சேர்ந்த லெவுக்கே திசாவை உட்பட இரண்டு பிரதானிகளின் தலையை அங்கேயே வெட்டச் சொன்னான் என்று அக்கால ஆங்கிலேயக் குறிப்புகள் சொல்கின்றன.

இந்தச் சம்பவத்தில்தான் விஷயம் இருக்கிறது. தானாகத் தொடங்கிய யுத்தத்தில் தோற்ற சர்வாதிகாரிக்கு, அந்தத் தோல்விக்கு வேறொரு சொந்தக்காரன் வேண்டும். எதிரி கைக்கெட்டாத தூரத்தில் இருக்கிறான். பக்கத்தில் நிற்பவன் கைக்கெட்டுகிறான். லெவுக்கேயின் தலை விழுந்ததும் மற்றப் பிரதானிகள் ஒரு பாடம் படித்தார்கள்: கெட்ட செய்தியோடு அரசனிடம் போகக்கூடாது. அதற்குப் பிறகு அரசனுடைய காதுக்கு இனிப்பான செய்தி மட்டுமே போகும். கசப்பான உண்மை வேறு காதைத் தேடிப் போகும். அது போன இடம் கொழும்பு. அங்கே ஜோன் டொயிலி என்ற அதிகாரி கண்டியிலிருந்து வரும் ஓலையையும் வாய்ச்செய்தியையும் நாட்குறிப்பில் ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டிருந்தார். கண்டியில் என்ன நடக்கிறது என்பது கண்டி அரசனைவிடக் கொழும்புக்கு நன்றாகத் தெரிந்த காலம் ஒன்று வந்தது.

நோர்த்தும் தோற்றவர்தான். அவரும் சும்மா இருக்கவில்லை. அவருடைய படைகள் எல்லைக் கிராமங்களுக்குள் புகுந்து வீடுகளையும் தானியத்தையும் எரித்தன. வட்டாபுளுவக்குப் பழி தீர்த்தது, அங்கே இல்லாத ஏழைக் கமக்காரனிடம். ஆனால் அவருக்கு மேலே லண்டன் இருந்தது. 1805இல் அவரிடத்துக்கு மெயிட்லண்ட் வந்தார்; கணக்குப் பார்த்தார்; படையெடுப்பை நிறுத்தினார். ஆங்கிலேயர் நல்லவர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தோற்ற ஆளை மாற்ற ஒரு வழி அவர்களிடம் இருந்தது. கண்டியில் அந்த வழி இல்லை.

வழி இல்லாத இடத்தில் சதி வளரும். 1811இல் பிலிமத்தலாவை, அரண்மனை மலாய்க் காவலரின் தலைவனைக் கொண்டு அரசனைக் கொல்லத் திட்டமிட்டு அகப்பட்டார், தலை போனது. அதே காலத்தில் கண்டிக் குளத்தை வெட்டக் குடிகளைக் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள்; முணுமுணுப்பு ஊருக்கு ஊர் பரவியது. 1814இல் அடுத்த அதிகார் எஹெலப்பொல சப்ரகமுவையில் கிளர்ந்து, தோற்று, கொழும்புக்கு ஓடினார். அவர் கைக்கெட்டவில்லை, மனைவியும் பிள்ளைகளும் கைக்கெட்டினார்கள். அவர்களைக் கொன்றார்கள். அதே ஆண்டில் கரையோரத்திலிருந்து போன பத்து வணிகர்களை உளவாளிகள் என்று பிடித்து உறுப்புகளை வெட்டினார்கள். ஏழு பேர் இறந்தார்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. இந்தக் கொடுமைகளை நமக்கு எழுதித் தந்தவர்களில் பலர், இராச்சியத்தைப் பிடிக்க விரும்பிய ஆங்கிலேயர். அரசனை அரக்கனாகக் காட்டுவதில் அவர்களுக்கு இலாபம் இருந்தது. நாயக்கன், அந்நியன் என்ற வெறுப்பையும் அவர்கள் ஊதிவிட்டார்கள். பிலிமத்தலாவையின் பேராசை ஹங்வெல்லைக்கு முன்பே தொடங்கியது. எல்லாப் பழியையும் ஒரு தோல்வியின் மேல் போட்டால் அது வரலாறாகாது. ஆனால் எவ்வளவு கழித்துப் பார்த்தாலும் ஒரு உண்மை மிஞ்சும். 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயர் வந்தபோது நாடே திரண்டு எதிர்த்தது. 1815 பெப்ரவரியில் அதே பாதைகளில், அதே அரசனுக்கு எதிராக அவர்கள் வந்தபோது எதிர்ப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. 18ஆம் திகதி மெதமகநுவரப் பக்கம் ஒளிந்திருந்த அரசனைக் கொடியால் கட்டியவர்கள் எஹெலப்பொலயின் ஆட்கள், அவனுடைய சொந்தக் குடிகள்.

நம் காலத்திலும் இதைக் கண்டோம். 1980இல் ஈரான் மீது தானாக யுத்தம் தொடங்கிய சதாம் ஹுசைன், எட்டு வருஷம் போராடி ஒன்றும் கிடைக்காமல் 1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் புகுந்தார். உழைக்கப் போன நம் நாட்டுப் பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பினார்கள். 1991இல் அமெரிக்கக் கூட்டுப்படையிடம் தோற்றதும் அவர் படை திரும்பியது, தன் நாட்டின் தெற்கிலிருந்த ஷீயாக்கள் மீதும் வடக்கிலிருந்த குர்துகள் மீதும். ஆர்ஜென்டினாவில் 1982இல் போக்லண்ட் தீவுகளைப் பிடித்துத் தோற்ற ஜெனரல் கல்தியெரியைச் சில நாட்களிலேயே அவருடைய ஜெனரல்களே இறக்கினார்கள். மறுவருஷம் தேர்தல் வந்தது. அவர்களும் சர்வாதிகாரிகள்தான். ஆனால் தோற்ற ஆளை இறக்க முடிந்தது. அதனால் நாடு தப்பியது.

கண்டியில் ஆளை இறக்க முடியாததால் அரசே போனது. 1815 மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தத்துக்கு இணங்கிய பிரதானிகள், கொடுங்கோலன் மட்டும்தான் போகிறான் என்று நம்பினார்கள். 1817இல் வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கு ஹாஜி மரிக்காரை முஹாந்திரமாக்கி, அவர்களைச் சிங்களத் தலைவர்களின் அதிகாரத்திலிருந்து ஆங்கிலேயர் பிரித்தார்கள். அயலவரோடு பழகி வாழ்ந்த ஒரு சமூகத்தை அன்றே காயாக நகர்த்தினார்கள். ஹாஜி மரிக்கார் கொல்லப்பட்டார். ஊவாவில் கிளர்ச்சி எரிந்தது. அதை அடக்கக் கிராமங்களை எரித்தார்கள். ஆங்கிலேயரைக் கூட்டிவந்த எஹெலப்பொலயையே 1818இல் அவர்கள் சந்தேகத்தின் பேரில் பிடித்தார்கள். வேலூரில் சிறையிருந்த அரசன் 1832 வரை உயிரோடு இருந்தான். எஹெலப்பொல அவனுக்கு முன்பே, 1829இல், மொரீசியஸில் நாடுகடத்தப்பட்ட கைதியாக இறந்தார்.